வாசல் தெரிந்திருக்க வேண்டும்

தீப்பெட்டி ஆபீஸில் அம்மா எப்போதும் வாசலை ஒட்டிய இடத்தைத்தான் பிடிப்பாள். கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊருக்கு விடிவதற்கு முன்பே ஆபீஸ் வண்டி வந்துவிடும். தூக்குச்சட்டியும் கையுமாக ஏறிப் போகிற பெண்கள், ஆபீஸ் வந்ததும் காற்று வரும் மூலையையோ பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும் இடத்தையோ தேடிப் போவார்கள். அம்மா நேரே போய் வாசல் நிலைக்குப் பக்கத்தில் குச்சி அடுக்கும் கட்டையைப் போட்டு உட்காருவாள். அங்கே வெயில் அடிக்கும். கரிசல் புழுதி முகத்தில் வந்து அப்பும். யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "தீ எந்தப் பக்கம் பிடிக்கும்னு நமக்குத் தெரியாது. வாசல் எந்தப் பக்கம்னாவது தெரியணும்ல."

பள்ளிக்கூட லீவு நாட்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கட்டை அடுக்கியிருக்கிறேன். குச்சிகளை வரிசையாக நிரப்பும் வேலை கைக்குப் பழகிவிட்டால் கண்ணுக்கு வேலை இல்லை. அந்தக் கண்ணால் நான் பார்த்துக்கொண்டிருந்தது வாசலுக்குப் போகும் வழியைத்தான். அதில் பெட்டிக் கட்டுகள் அடுக்கியிருக்கும். தண்ணீர்க் குடம் இருக்கும். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி சேலையை விரித்துப் பிள்ளையைத் தூங்கப் போட்டிருப்பாள். பிற்காலத்தில் விமானப் பணிப்பெண்ணாக வேலைக்குப் போனபோது, பயிற்சியில் முதலில் கேட்ட கேள்வியே எனக்கு வீட்டுக் கேள்வியாக இருந்தது. உன் வாசல் எது? அதற்கும் உனக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்தால் கம்பும் உளுந்தும் பாசியும் பருத்தியும் உண்டு. விழாவிட்டால் கரிசல் வெடித்துக் கிடக்கும். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த பிறகு, அந்தத் தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று இந்த வறண்ட நிலமெங்கும் பரவியது. குச்சியும் பெட்டியும் காய்வதற்கு வெயில் இருந்தது. காட்டு வேலை இல்லாத கைகளும் இருந்தன. என்னைப் படிக்க வைத்தது அந்தப் பணம். கோவில்பட்டியில் கல்லூரி முடித்து, விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து, மதுரையிலும் சென்னையிலும் நேர்காணல் முடித்து வேலை கிடைத்தபோது, ஊரில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "பிளேன்ல சாப்பாடு குடுக்கிற வேலையா தாயி?"

சாப்பாடு கொடுப்பதும் உண்டுதான். ஆனால் விமானத்தில் எங்களை ஏற்றுவது அதற்காக இல்லை. 50 இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கில் பணியாளர் இருந்தாக வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. உணவே பரிமாறாத விமானத்திலும் அந்தக் கணக்கு குறையாது. ஒரு புது ரகப் பயணிகள் விமானம் பறக்க அனுமதி வாங்க வேண்டுமானால், வாசல்களில் பாதியை அடைத்துவிட்டு, இருட்டில், நிறைந்த கூட்டத்தோடு, 90 விநாடிக்குள் அத்தனை பேரும் வெளியேற முடியும் என்று காட்ட வேண்டும். ஏர்பஸ் 380 என்ற இரட்டைமாடி விமானத்துக்கு 2006 மார்ச்சில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இந்தச் சோதனை நடந்தது. 873 பேர் 78 விநாடியில் இறங்கினார்கள். எங்கள் ஊர் ஜனம் முழுவதும் கோயில் வாசலைத் தாண்டி வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கின் கனம் புரியும்.

அந்த 90 விநாடிக்காகத்தான் எங்கள் பயிற்சி. புகை நிரப்பிய அறைக்குள் முட்டிபோட்டு ஊர்ந்து வழி கண்டுபிடிப்பது, தீயணைப்புக் குப்பியைக் குறி பார்த்து அடிப்பது, நீச்சல்குளத்தில் மிதவைப் படகில் ஏறி அடுத்தவரை இழுத்துப் போடுவது, சறுக்குப் பாதையில் குதிப்பது, கதவைத் திறப்பது என்று எல்லாம் உண்டு. கதவுப் பயிற்சிக்கு முடிவே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் கை தானாகப் போய்ப் பிடியில் நிற்கும் வரை விடமாட்டார்கள். கட்டளைகளைத் தொண்டை கட்டும் அளவுக்குக் கத்த வைப்பார்கள். மெதுவாகச் சொன்னால் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். ஆண்டுதோறும் மறுபயிற்சி எடுத்துத் தேர்ந்தால்தான் தொடர்ந்து பறக்க முடியும். இத்தனையும் பணிக்காலம் முழுவதும் ஒருமுறைகூடத் தேவைப்படாமலே பெரும்பாலான பணிப்பெண்கள் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். எனக்கு ஒருமுறை தேவைப்பட்டது.

சென்னையிலிருந்து வளைகுடா நாடு ஒன்றுக்குப் போகும் இரவு விமானம் அது. ஏர்பஸ் 320 ரகம். கேபினில் நாங்கள் 4 பேர், பொறுப்பு என்னுடையது. பயணிகளில் பெரும்பாலோர் வேலைக்குப் போகும் தென்மாவட்டத்துப் பிள்ளைகள். விருதுநகர், தூத்துக்குடி, ராமநாதபுரத்துப் பேச்சு எல்லா வரிசையிலும் கேட்டது. முதல்முறை பறப்பவர்களைப் பார்த்ததும் தெரிந்துவிடும். பாஸ்போர்ட்டைச் சட்டைப்பைக்குள் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

மேலே ஏறிக்கொண்டிருந்தபோது சக்கரம் உள்ளே போகும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் சீட் பெல்ட் விளக்கு அணைய வேண்டும், அணையவில்லை. ஏறுவதும் நின்றுபோனது. அடுத்து இன்டர்காம் மணி அடித்தது. கேப்டனின் குரல் வழக்கத்தைவிட நிதானமாக இருந்தது. அந்த நிதானத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட நேரத்தில் கேப்டனும் பணிப்பெண்ணும் பேசுவதற்கு ஒரு வரிசை உண்டு. என்ன கோளாறு, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, தனியாகச் சொல்ல வேண்டியது என்ன. இந்த நான்குக்கு மேல் பேச்சு கிடையாது. கேட்டதை நான் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்; இருவர் கைக்கடிகாரமும் ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்று கேப்டன் சொன்னது இது. ஹைட்ராலிக் அமைப்பு ஒன்று போய்விட்டது, சென்னைக்கே திரும்புகிறோம், 50 நிமிடம் இருக்கிறது, கேபினை முன்னெச்சரிக்கையாகத் தயார் செய்யுங்கள், இறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே நிற்போம்.

ஹைட்ராலிக் என்பது எண்ணெய் அழுத்தம். விமானத்தின் சக்கரத்தை இறக்குவதும், இறக்கையின் மடிப்புகளை நகர்த்துவதும், பிரேக் பிடிப்பதும் அந்த அழுத்தம்தான். ஏர்பஸ் 320-இல் அதற்கு மூன்று தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. ஒன்று போனாலும் மற்றவை தாங்கும். ஆனால் சக்கரத்தை அதன் சொந்தப் பாரத்தில் கீழே விழவிட்டுப் பூட்ட வேண்டும். மூக்குச் சக்கரத்தைத் திருப்ப முடியாது. நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும். எரிபொருளோ நிறைய இருக்கிறது. இந்த ரக விமானத்தில் அதை வானத்தில் கொட்டிவிட வசதி இல்லை. அதனால் சுற்றிச் சுற்றிப் பறந்து எரித்துத்தான் பாரத்தைக் குறைக்க வேண்டும். 50 நிமிடம் அதற்காகத்தான். அது எங்களுக்குக் கிடைத்த கொடை. பல விபத்துகளில் 50 விநாடிகூடக் கிடைப்பதில்லை.

பின்பக்கத் திரையை இழுத்துவிட்டு மற்ற மூவரிடமும் அதே வரிசையில் சொன்னேன். அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். மூவரில் ஒருத்தி வேலைக்கு வந்து சில மாதங்களே ஆனவள். அவள் உதடு உலர்ந்திருந்தது. சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. பயிற்சி என்றால் என்ன என்பதை நான் அவள் முகத்தில்தான் பார்த்தேன். பயம் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே வேலையும் ஒழுங்காக நடக்கிறது.

கேப்டன் ஆங்கிலத்தில் அறிவித்தார். இந்தியில் ஒருத்தி சொன்னாள். பிறகு நான் மைக்கை எடுத்தேன். "விமானத்துல ஒரு பாகம் சரியா வேலை செய்யல. அதனால சென்னைக்கே திரும்பி இறங்கப் போறோம். இறக்குறதுக்கு விமானிங்க பயிற்சி எடுத்தவங்க. உங்களப் பாத்துக்கிறதுக்கு நாங்க பயிற்சி எடுத்தவங்க. இப்ப நாங்க ஒவ்வொண்ணா சொல்லித் தருவோம். கவனமா கேளுங்க." இதற்கு மேல் அலங்காரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒன்றுமே இல்லை என்று பொய் சொன்னால், அடுத்து நாம் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். நம்பாதவர்கள் சொன்னபடி செய்யமாட்டார்கள்.

முதலில் அமைதி. பிறகு ஒரு வரிசையில் முணுமுணுப்பு, இன்னொன்றில் வேண்டுதல். ஒரு தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, உசுருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"கீழ இறக்குறதுக்கு விமானிங்க ரெண்டு பேர் இருக்காங்க. இறங்குன பெறகு உங்கள வெளிய கூட்டிட்டுப் போறதுக்கு நாங்க நாலு பேர் இருக்கோம். நான் சொல்றத மட்டும் கேளுங்க தம்பி. வேற எதையும் யோசிக்காதீங்க." அவன் கையை விட்டான். கேட்பதற்கு ஒன்று இருக்கிறது, செய்வதற்கு ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மனிதன் கொஞ்சம் நிமிர்ந்துவிடுகிறான்.

பொருட்களையெல்லாம் மேலே வைத்துப் பூட்டினோம். சட்டைப்பைப் பேனா, கண்ணாடி, குதிகால் உயர்ந்த செருப்பு எல்லாம் கழற்றச் சொன்னோம். நடுவரிசையில் விளாத்திகுளம் பக்கத்துப் பெரியம்மா ஒருவர். மகளின் பிரசவத்துக்குப் போகிறவர். மடியில் ஒரு துணிப்பை. இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்திருந்தார்.

"பெரியம்மா, பையக் குடுங்க. மேல வச்சிருறேன்."

"வேண்டாம் தாயி. இதுல பிள்ள பெத்தவளுக்கு மருந்து இருக்கு. சுக்கு, திப்பிலி எல்லாம் இடிச்சு நானே சலிச்சது."

"மருந்து பத்திரமா இருக்கும். இறங்கும்போது பை மடியில இருந்தா உங்களால குனிய முடியாது. நீங்க நல்லா இருந்தாத்தான மருந்து போய்ச் சேரும்."

என் பேச்சைக் கொஞ்ச நேரம் காதில் வைத்துப் பார்த்தவர்போல இருந்தார். "நீ எந்த ஊரு தாயி?"

"கோவில்பட்டிப் பக்கம் பெரியம்மா."

பையைக் கொடுத்துவிட்டார். அடுத்தது குனியும் முறை. படத்தைக் காட்டினேன், செய்து காட்டினேன். முட்டிவலி, குனிய வரவில்லை என்றார். "காட்டுல களை எடுக்கக் குனிவீங்கள்ல, அப்படி. தலையக் கீழ போட்டு ரெண்டு காலையும் பிடிச்சுக்கோங்க" என்றதும் முதுகு தானாக வளைந்தது. வாழ்நாள் முழுக்கப் பழகிய குனிவு அது. அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த பையன்கள் அவரைப் பார்த்துத் தாங்களும் குனிந்தார்கள்.

இறக்கைக்கு மேலே இருக்கும் வாசல் பக்கம் திடமான ஆட்கள் வேண்டும். அங்கே கோவில்பட்டியில் ஹாக்கி ஆடிய பையன் ஒருவன் இருந்தான். கதவு எவ்வளவு கனம், எப்படிப் பிடித்து எங்கே போடுவது என்று காட்டினேன். "நாங்க சொன்னாத்தான் தொறக்கணும். தொறக்கிறதுக்கு முன்னாடி வெளியப் பாக்கணும். நெருப்பு தெரிஞ்சா தொறக்கக் கூடாது. இப்ப நான் சொன்னத எனக்குத் திருப்பிச் சொல்லுங்க." சொன்னான். இன்னொரு முறை கேட்டேன். இன்னொரு முறையும் சொன்னான். காது கேட்டது வாய்க்கு வர வேண்டும், வாய்க்கு வந்தது கைக்குப் போக வேண்டும். எங்கள் தொழிலின் பாடம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

எல்லா வரிசையும் பார்த்து முடித்து, விளக்குகளைக் குறைத்து, கேப்டனிடம் கேபின் தயார் என்று சொல்லிவிட்டு என் மடக்கு இருக்கையில் உட்கார்ந்தேன். தோள்பட்டை வாரை இறுக்கி, முதுகும் தலையும் பின்னால் ஒட்டியிருக்கும்படி அமர்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் நாங்கள் மனதுக்குள் ஒரு பாடத்தை ஓட்டிப் பார்ப்போம். என் கதவு இடப்பக்கம். முதலில் கண்ணாடி வழியே வெளியே பார். பிடி மேல்நோக்கி. திறந்ததும் சறுக்குப் பாதை விரிகிறதா பார். விரியாவிட்டால் எதிர்வாசல். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதல் வரிசையில் இருக்கும் அந்த உயரமானவர் கதவைத் திறப்பார், அவருக்குச் சொல்லியாயிற்று. பயணிகள் எங்களைப் பார்க்கும்போது நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். அந்த அரை நிமிடம்தான் எங்கள் வேலையிலேயே கடினமான நேரம்.

சக்கரம் தரையைத் தொட்டது. வழக்கத்தைவிடப் பலமான அதிர்ச்சி; எஞ்சின் எதிர்த்திசையில் இரைந்தது. நிற்கும் என்று நினைத்த இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. ஜன்னல்களில் தீயணைப்பு வண்டிகளின் விளக்கு சுழன்றது.

நின்றதும்தான் எங்கள் வேலை முழுதாகத் தொடங்கியது. வாரைக் கழற்றிக் கதவருகே நின்றேன். வெளியே தீ இல்லை, புகை இல்லை. அதற்குள் பின்வரிசைகளில் கை தட்டல். ஆட்கள் எழுந்து மேல்பெட்டிகளைத் திறக்கப் போனார்கள். இறங்கச் சொல்லிக் கட்டளை வரலாம், வராமலும் போகலாம். வந்தால் வழியில் ஒரு பைகூடக் கிடக்கக் கூடாது. தொண்டையிலிருந்து என் ஊர்க் குரல் வந்தது. "உக்காருங்க! யாரும் எந்திரிக்கக் கூடாது! பையத் தொடாதீங்க!" நான்கு மூலையிலிருந்தும் அதே கட்டளை எழுந்தது. உட்கார்ந்தார்கள். பிரேக்கின் சூட்டைத் தீயணைப்பு வீரர்கள் சோதித்து முடித்த பிறகு கேப்டன் எல்லோரும் அமர்ந்தே இருக்கச் சொன்னார். சறுக்குப் பாதை தேவைப்படவில்லை. படிக்கட்டு வந்தது. பெரியம்மா இறங்கும்போது பையை வாங்கி முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, என் கன்னத்தையும் தடவிவிட்டுப் போனார்.

விடியற்காலையில் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஆபீஸ் வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "ஒங்களுக்கு இம்புட்டும் சொல்லிக் குடுத்திருக்காங்க. எங்களுக்கு இத்தன வருசத்துல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல தாயி. தீப் பிடிச்சா ஓடுன்னு நாங்களாத்தான் சொல்லிக்கிட்டோம்." அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. பறக்கும் வேலையை விட்டு ஊர்ப்பக்கம் வந்து, அந்த வேலைக்குப் போக விரும்பும் பெண்களுக்குப் பாடம் சொல்லும் இன்றைக்கும் அது கூடவே இருக்கிறது.

2024 அக்டோபர் 11 மாலை திருச்சி விமானத்தைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கும். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு 5.40 மணி வாக்கில் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737. உள்ளே 140-க்கும் மேற்பட்ட பயணிகள். கிளம்பியதும் ஹைட்ராலிக் கோளாறு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றி எரிபொருளைக் குறைத்துவிட்டு, இரவு 8 மணிக்குப் பிறகு பத்திரமாக இறங்கியது. எங்கள் தெருவில் எல்லோரும் என்னிடம் வந்து கேட்டார்கள். ஏன் சுத்துது, ஏன் உடனே இறக்க மாட்டேங்குறாங்க. சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, என் மனம் முழுக்க அந்தக் கேபினுக்குள் இருந்தது. கேப்டன் இக்ரோம் ரிஃபாத்லி ஃபாமி ஜைனல், துணை விமானி மைத்ரேயி ஸ்ரீகிருஷ்ண ஷிதோலே என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின; அந்தப் பாராட்டு அவர்களுக்கு முழுக்கத் தகும். கேபினில் அந்த இரண்டு மணி நேரமும் பணியில் இருந்தவர்களை ஊர் அந்த அளவுக்கு அறியவில்லை. இறக்குவது விமானிகளின் கை. இறங்கும் வரை 140 பேரை ஒரு ஒழுங்கில் வைத்திருப்பது அவர்கள் கை.

அந்த ஒழுங்கு என்ன செய்யும் என்பதை அதே ஆண்டின் தொடக்கத்தில் உலகம் பார்த்தது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பற்றியது. சிறிய விமானத்தில் 5 பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். கேபினின் அறிவிப்புக் கருவி செயலிழந்துவிட்டது; பணியாளர்கள் கை ஒலிபெருக்கியாலும் வெறும் குரலாலும் வழி சொன்னார்கள். 8 வாசல்களில் மூன்றைத்தான் திறந்தார்கள், மற்றவற்றுக்கு வெளியே நெருப்பு. பைகளை விட்டுவிட்டுப் பயணிகள் இறங்கினார்கள். விமானம் பிறகு முழுக்க எரிந்துபோனது.

இந்த அறிவு இலவசமாக வந்ததில்லை. 1985 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு போயிங் 737 கிளம்பும்போதே எஞ்சின் வெடித்துத் தீப்பிடித்தது. விமானம் தரையில்தான் நின்றது. தீயணைப்பு வண்டிகள் பக்கத்தில்தான் இருந்தன. அப்படியும் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். வாசலுக்குப் போகும் வழிகள் குறுகலாக இருந்தன, நெரிசலில் அடைத்துக்கொண்டன. இறந்தவர்களில் பின்பக்கம் பணியில் இருந்த இரண்டு பணிப்பெண்களும் உண்டு. விசாரணைக்குப் பிறகு இறக்கை வாசலுக்குப் போகும் இடைவெளி அகலமானது. நான் அந்த ஹாக்கிப் பையனுக்குக் கதவைக் காட்டியபோது நின்ற இடம் அந்த 55 பேரின் சாவிலிருந்து வந்தது. விமானத் தொழில் ஒவ்வொரு சாவையும் எழுதி வைத்து, காரணத்தைத் தேடி, அடுத்தவருக்குப் பாடமாக்குகிறது. அந்த நேர்மைதான் அதைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறது.

எங்கள் பூமியிலும் சாவுகள் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்து உதவிக்கு ஓடி வந்த அக்கம்பக்கத்து ஜனம். அவர்கள் நெருங்கியபோது மறுபடி வெடித்தது. தூர நில்லுங்கள், எதிர்க்காற்றுப் பக்கம் போங்கள் என்று யாராவது அவர்களுக்கு முன்னமே சொல்லிக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள்! நல்ல மனம் இருந்தது, ஒத்திகை இல்லை. ஒத்திகை இல்லாத நல்ல மனத்தை நெருப்பு மதிப்பதில்லை.

சட்டம் இதை மறந்துவிடவில்லை. தீ விபத்தில் தப்பிக்கும் வழியைத் தொழிலாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும், அப்போது செய்ய வேண்டியதில் அவர்களுக்குப் போதிய பயிற்சி தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 38-ஆம் பிரிவு சொன்னது. எங்களுக்கு விமானத்தில் சொல்லித் தந்ததும் இதுதான். ஒரு பக்கம் ஆண்டுதோறும் தேர்வாக நடக்கிறது, இன்னொரு பக்கம் அம்மாவைப் போன்ற பெண்கள் வாசல் பக்கத்து இடத்தைத் தாங்களாகவே தேடிக்கொள்கிறார்கள்.

திருச்சி விமானம் சுற்றிய அந்த நாள் ஆயுத பூஜை. எங்கள் பக்கத்து ஆபீஸ்கள் எல்லாம் அன்று கழுவி விட்டு, இயந்திரங்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பொரியும் கடலையும் படைத்திருந்தன. ஆண்டில் எந்த நாளிலும் கிடைக்காத மூன்று விஷயங்கள் அன்று ஒன்றாகக் கிடைக்கின்றன. வேலை நின்றிருக்கும், ஆள் முழுக்கக் கூடியிருப்பார்கள், முதலாளியும் தரையில் உட்கார்ந்திருப்பார். தீபாவளிக்கு முந்திய நெருக்கடி வேலைக்கு நடுவில் இதைவிட நல்ல நேரம் எது?

ஆயுத பூஜையன்று தீ ஒத்திகை நடத்திப் பார்க்கலாமா என்று அம்மாவுக்குத் தெரிந்த ஒரு சிறிய ஆபீஸ்காரரிடம் கேட்டேன், சரி என்றார். பூஜை முடிந்ததும் பெண்களைத் தத்தம் இடத்தில் உட்கார வைத்து, மணி அடித்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வேப்பமரம் வரை போகச் சொன்னேன். முதல்முறை எல்லோரும் காலையில் நுழைந்த வாசலுக்கே ஓடி அங்கே முட்டிக்கொண்டார்கள். பின்வாசல் திறந்தே இருந்தது. அதன் முன்னால் பெட்டிக் கட்டுகள் நின்றன, அப்படி ஒரு வாசல் இருப்பதே பாதிப் பேர் நினைவில் இல்லை. கட்டுகளை அவர்களே நகர்த்தினார்கள். யார் எந்த வாசலுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். கைப்பிள்ளைக்காரிக்கு ஒரு துணை, வெளியே வந்ததும் தலையை எண்ண ஒரு மூத்தவர், யாரும் பொருளெடுக்க உள்ளே திரும்பாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் என்று அவர்களே ஏற்பாடு செய்தார்கள். அடுத்தமுறை மணி அடித்தபோது நெரிசல் இல்லாமல் வெளியே வந்து நின்றார்கள். அதற்கு ஆன நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம். செலவு எதுவும் இல்லை.

இதை ஒவ்வொரு தீப்பெட்டி ஆபீஸும் பட்டாசு ஆலையும் ஆயுத பூஜையன்று செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். தொழிற்சங்கங்கள் கேட்கட்டும், மகளிர் குழுக்கள் கேட்கட்டும், தீயணைப்பு நிலையத்துக்காரர்களை அழைத்துச் சொல்லித் தரச் செய்யட்டும். வானத்தில் போகிற 140 பேருக்கு வாசல் எதுவென்று ஒவ்வொரு பயணத்திலும் சொல்லுகிறோம். மருந்துக்கும் வெடிக்கும் நடுவில் தினம் எட்டு மணி நேரம் உட்காருகிற பெண்ணுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது சொல்லியாக வேண்டும். அவளைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும், செய்து பார்க்கவும் வைக்க வேண்டும்.